கரகத்துக்கு ஒரு கார்செட்

வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வருகிற புகார் இரண்டே வகைதான்: ஒன்று டைட், இன்னொன்று லூஸ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்த எனக்கு இரண்டையும் சமாளிக்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். மாசி மாதத்தில் ஒரு கார்செட் தைக்க ஒத்துக்கொண்டேன். அதோடு என் நிம்மதி போனது. உங்களிடமும் என்றைக்காவது யாராவது கேட்டு வருவார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

அளவு ஜாக்கெட்

முப்பிடாதி சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கரகம் ஆடுகிறவள். எல்லோரையும் போலக் கையில் ஒரு அளவு ஜாக்கெட், ஜிகினா வைத்தது. ஆடிய மறுநாள் யாராவது தூக்கிவிட்டால்தான் எழ முடிகிறது. இடுப்பெலும்பு விலகியிருக்கிறது, பெல்ட் போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெடிக்கல் கடைப் பெல்ட்டைப் போட்டு ஆடினால் உடுப்புக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரிகிறது, கூட்டத்தில் கிண்டல் பண்ணுகிறார்கள். அவள் ஆடுகிற கரகாட்டச் செட்டை நடத்துகிற நாதஸ்வர அண்ணாச்சி, பங்குனி மாதக் கோவில் கொடைக்கு ராஜபாளையத்துப் பெண் ஒருத்தியைப் பேசி வைத்துவிட்டாராம். அந்தக் கொடையில் தானும் ஆடிக் காட்டாவிட்டால் செட்டில் தன் இடம் போய்விடும் என்றாள். அதனால் பெல்ட்டும் உடுப்பும் ஒன்றாகவே இருக்கிற மாதிரி ஒரு சட்டை வேண்டும். போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினாள். மார்பிலிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடித்து, பின்னால் கயிறு கோத்துக் கட்டுகிற உடுப்பு. அதற்குப் பெயர்தான் கார்செட்டாம்.

நான் ஜாக்கெட்டை மேசையில் விரித்து டேப்பை வைத்தேன். பழக்கம் அப்படி. நாம் எங்கே ஆளை அளக்கிறோம், ஜாக்கெட்டைத்தானே அளக்கிறோம். அவள் என் கையிலிருந்து டேப்பை வாங்கித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

"அது போன வருசத்து இடுப்புக்கா. இந்த வருசத்து இடுப்பு இந்தா நிக்கி, இதை அளங்க."

இறுக்கத் தெரியாத கை

உடம்பளவுக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டியே பழகிய கை என்னுடையது. கார்செட்டோ உடம்பளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டிய சங்கதி. பின்னால் விடுகிற இடைவெளியைக் கயிறுதான் இழுத்துப் பிடிக்கும். போனில் வீடியோ பார்த்தேன். பேச்சு இங்கிலீஷில் இருந்ததால் சத்தத்தை நிறுத்திவிட்டு, தைக்கிற பெண்ணின் கையை மட்டும் பார்த்தேன். குறைக்க வேண்டும் என்பது புரிந்தது. சாக்பீஸைப் பிடித்தால் கோடு தானாக வெளியே போய்விட்டது.

விசைத்தறிக் காடாத்துணியில் ஒத்திகைக்கு ஒன்று தைத்து, தலையணையைச் சுருட்டி அதற்குள் விட்டுப் பார்த்தேன். பூக்கூடை மாதிரி விரிந்து நின்றது. என் வீட்டுக்காரருக்குப் பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை. மத்தியானம் சாப்பிட வந்தவர் அதைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இத்தன வருசமா என்னைய இறுக்குத இறுக்குல பாதிய இதுல காட்டு, சரியா வந்துரும்."

துணிக்குள் வைக்கிற பட்டை

கார்செட் சுருங்காமல் நிமிர்ந்து நிற்க, துணிக்குள் நீளவாக்கில் பட்டை பட்டையாகச் சொருக வேண்டும். அதற்கென்று விற்கிற பட்டை நம்மூர்த் தையல் சாமான் கடை எதிலும் இல்லை. பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை வைத்துப் பார்த்தேன். மடங்கினால் மடங்கியபடியே கிடந்தது. பழைய குடையின் கம்பியை வைத்தேன். துணியைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. ஆட்டத்தின் நடுவில் அது அவள் விலாவில் குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்து அதையும் தூக்கிப் போட்டேன். கடைசியில் வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கேபிள் டைதான் தோதாக இருந்தது. அதில் அகலமான ரகம் வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. தலையை வெட்டிவிட்டு, முனையை மெழுகுவத்தியில் காட்டி உருட்டிவிட்டால் குத்தாது.

எலக்ட்ரிக்கல் கடை பாய் கடையநல்லூர்க்காரர். நான் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்ததையும், ஒன்றை என் இடுப்பிலேயே வைத்துப் பார்த்ததையும் கவனித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். பிறகு, எந்த ரூமுக்கு வயரிங் என்று கேட்டார். வயரிங்குக்கு இல்லை, ஒரு பெண்ணுக்கு என்றேன். அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். அவர் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது ஒருக்கா மாட்டுனா கழட்ட முடியாதும்மா, அறுத்துத்தான் எடுக்கணும். அந்தப் பொண்ணு வீட்டுல தெரியுமா?"

எதிர்வீட்டு மதினி

கரகக்காரி வந்து போகிற வீடு என்று தெருவில் பேச்சு வந்துவிடுமோ என்பது முதல் நாளிலிருந்தே எனக்கு உள்ள கவலை. எதிர்வீட்டு மதினி அதைக் குறையவே விடவில்லை. முப்பிடாதி என் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், இவள் தன் வாசலைப் பெருக்க வந்துவிடுவாள். முதல் தடவை போட்டுப் பார்த்த அன்று எனக்குக் கை போதவில்லை. துணி மேலே ஏறாமல் ஒருவர் முன்னால் பிடிக்க வேண்டும், ஒருவர் பின்னால் கயிற்றை இழுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மதினியைக் கூப்பிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தவள், கயிறு கைக்கு வந்ததும் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்தாள். மூச்சு விட முடிகிறதா என்று முப்பிடாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டதும் அவளேதான். சாயங்காலம் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் மறுபடியும் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏளா, எனக்கும் இப்படி ஒண்ணு தச்சுக் குடு. பேத்தி காதுகுத்துக்குப் பட்டுச்சேலை கட்டணும், வயிறு எனக்கு முந்தி போய் நிக்கி. அவளுக்குத் தச்ச மாடல்னு மட்டும் எங்கயும் சொல்லிராத."

ஊசி

முப்பிடாதிக்குப் பேர் வாங்கித் தந்தது ஊசி. தலையில் கரகத்தோடு பின்பக்கமாக வில் போல வளைந்து, தரையில் கிடக்கிற ஊசியைக் கண்ணிமையால் எடுப்பாள். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று என் டப்பாவிலிருந்தே ஒரு ஊசியை எடுத்துத் தரையில் வைத்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், உதறினாள். என் சில்வர் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கார்செட் விடவில்லை. சாய்த்து வைத்த கதவு மாதிரி பாதியில் நின்றாள்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பட்டைகளை உருவிவிடச் சொன்னாள். உருவினால் வளையலாம்தான். ஆனால் துணியை வெட்டுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லி நான் அவளை அனுப்பியிருந்தேன். அளவாக நின்று ஆடலாம், பின்னால் மட்டும் வளையவே கூடாது, வளைந்தால் காலே மரத்துப்போகும் என்று அவர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னவள் இவள்தான். உருவிக் கொடுத்து இடுப்பு போனால் அது என் கையால் போனது. உருவாமல் விட்டுச் செட்டில் இடம் போனால் அதுவும் என் கையால் போனதுதான். மாட்டேன் என்றேன். சொன்னதோடு நிற்காமல், உடுப்பைக் கழற்றி வாங்கி, அவள் எதிரிலேயே அந்த இரண்டு பட்டை சொருகிய இடத்தின் வாயையும் பொடித் தையலில் திரும்பத் திரும்ப ஓட்டி மூடினேன். மெஷின் சத்தம் நின்றதும் உடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆடுதது நான், இடுப்பு என்னுது. நீங்க எதுக்குக்கா மூடுதிய?"

கொடை

பங்குனிக் கொடைக்கு பூமாலை கொண்டுபோன வண்டியில் வீட்டுக்காரரோடு நானும் போனேன். காலையில் பால்குடம் வந்தபோது கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊசியை ராஜபாளையத்துப் பெண்தான் எடுத்தாள். ஒரே விசில். முப்பிடாதி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து இரண்டு பேர் ஓர் ஏணியை நட்டுப் பிடித்தார்கள். அதில் கை படாமல் கரகத்தோடு ஏறி, உச்சிப் படியில் ஒற்றைக் காலில் நின்றாள் முப்பிடாதி. கார்செட் பிடித்த முதுகு நட்ட கம்பு மாதிரி இருந்தது. கரகத்து உச்சியிலிருந்த மரக்கிளி ஆடவேயில்லை. அண்ணாச்சி நாதஸ்வரத்தில் ஒரே மூச்சை இழுத்துப் பிடித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், கைதட்டல் ஊசிக்கு விழுந்த அளவு விழவில்லை. ஆனாலும் ஊசிக்கு அவள், ஏணிக்கு இவள், இரண்டு பேரும் செட்டில் உண்டு என்று அண்ணாச்சி கோவில் ஆட்களிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. பையிலிருந்து கார்செட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். மூடித் தைத்த இரண்டு இடத்திலும் பிளேடு கீறி நூல் நூலாக நின்றது. ஆனால் பட்டை இரண்டும் உள்ளேயே இருந்தன. நான் திட்டு வாங்கத் தயாராகி, டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"பிளேடு போட்டும் பிரியலக்கா. ஏணி ஏறுத வரைக்கும் ஒங்களத் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். ஆனா மறுநா காலையில பாயில இருந்து நானே எந்திச்சேன், ஒருத்தரும் கை குடுத்துத் தூக்கல. செவப்புல இன்னொண்ணு தைங்க."

இப்போது அந்தச் சிவப்புத் துணியைக் குனிந்து குனிந்து வெட்டியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது, அதற்கும் ஒரு கார்செட் தைக்கலாமென்றால் அளவெடுக்க இந்தத் தெருவில் என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.