திருநீற்று நாமம்

எங்கள் வீட்டு நெற்றிகளில் கோடுகள் படுக்கைவசமாக ஓடும். அத்தையைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களின் நெற்றியில் நேராக நிற்கும். ஒரு கல்யாணத்தைக் கெடுக்க இது போதும் என்று அம்மா பயந்து போயிருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருடைய பாட்டன் இந்தியாவில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார் அப்பா. திருச்சிப் பக்கத்துப் பட்டை நெற்றியை அடைத்துக்கொண்டு இருக்குமாம். மதுரைப் பக்கத்தார் புருவ மத்தியில் ஒரு கீற்றோடு நிறுத்திக்கொள்வார்களாம். இதில் பாதி அப்பாவின் சொந்தச் சரக்கு என்பது என் சந்தேகம். அவருடைய பட்டைக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. மூன்று கோடுகளையும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்துவிட்டு, அந்த இடைவெளியில் சந்தனப் பொட்டு வைப்பார். வேறு யாரும் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் பளிச்சென்றுதான் போவார்கள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டையும் பொட்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். மத்தியானம் சாப்பிட வரும்போது யார் எந்த ஊர் என்று அப்பாவாலும் சொல்ல முடியாது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை. எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றால் கிடைக்கும். கடை முதலாளியம்மாவிடம் பேச வேண்டும் என்று சாயங்காலங்களில் அத்தை அங்கே போவாள். துணைக்குக் குடை பிடித்துக்கொண்டு நான். அந்த முதலாளியம்மா ரொம்ப வேடிக்கையாகப் பேசுகிறவர் போலும், அத்தை சிரித்துக்கொண்டே இருப்பாள்.

அத்தைக்கு முன்பு வந்த ஒரு சம்பந்தம் பேச்சோடு முறிந்து போயிருந்தது. அதிலிருந்து அப்பா கலகலப்பை விட்டிருந்தார். அப்படியிருக்கும்போதுதான் ஒரு தரகர் தானாகவே படியேறி வந்தார். மாப்பிள்ளை டயகமப் பக்கமாம், ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறாராம், நல்ல குடும்பமாம். ஒரே ஒரு சங்கதி, நாமம் போடுகிறவர்கள். அதிலும் மாப்பிள்ளையின் அப்பா, முன்பு ஒரு வீட்டில் யாரோ தன் நாமத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்பதற்காகத் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனவராம்.

“அவங்க வர்ற அன்னைக்கு நாமளும் நாமம் போட்டுக்கிட்டா என்னங்க? மரியாதையா இருக்கும்ல” என்றாள் அம்மா.

“அப்புறம் முருகனுக்கு என்னைய அடையாளம் தெரியாம போயிரும்” என்றார் அப்பா. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் உட்கார்ந்தார்.

நாமத்துக்கு வேண்டிய திருமண் எங்கள் வீட்டில் எப்படி இருக்கும்? இருந்த திருநீற்றையே அம்மா தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அப்பா ஈர்க்குச்சியால் இரண்டு கோடு இழுத்து, புருவத்துக்கு மேலே வளைத்துச் சேர்த்தார். அத்தை குறுக்கே வந்தாள்.

“அப்படி இல்லண்ணே. கீழ மூக்கு மேல பாதம் இறக்கணும்.”

“பாதம் இல்லாத நாமமும் இருக்குல்ல?”

“இருக்கு. இவங்க பாதம் வைக்கிறவங்க.”

அத்தையே குச்சியை வாங்கி அழகாகப் போட்டுவிட்டு, நடுவில் சிவப்புக் கோடும் இழுத்தாள். எனக்கும் அம்மாவுக்கும் குங்குமத்தில் மெல்லிய ஒற்றைக் கோடு.

“ஏம்ப்பா அவங்க மட்டும் நேரா போடுறாங்க?” என்று கேட்டேன்.

“அது பெருமாளோட பாதம்மா. நாம பூசுறது சாம்பல். கடைசியில எல்லாம் இதுதான்னு ஞாபகம் வச்சிக்கிறதுக்கு.”

“நல்ல நாளும் அதுவுமா சாம்பல் பேச்சு எதுக்குங்க?” என்றாள் அம்மா.

வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா முதலில் இறங்கினார். அவர் நெற்றி நிறைய மூன்று பட்டை. பின்னால் வந்த மாப்பிள்ளைக்கும் பட்டை. அவர்கள் எங்கள் நெற்றிகளைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களுடையதைப் பார்த்தோம். தரகர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரித்துவிடாதே என்பது போல அம்மா என் தோளை அழுத்தினாள். எல்லோரும் உள்ளே போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இதுவும் போயிற்று என்று அப்பா நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்பாவே தேத்தண்ணித் தட்டை எடுத்துக் குனிந்து நீட்டினார். காய்ந்திருந்த நாமத்தின் பாதம் அப்படியே உதிர்ந்து கோப்பைக்குள் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா கோப்பையைப் பார்த்தார். தட்டில் சிதறியிருந்த தூளை விரலால் தொட்டு முகர்ந்தார்.

“இது திருநீறுல்ல?”

“வீட்டுல அதுதாங்க இருந்துச்சு” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். “எங்க வீட்டுல திருமண்ணுதாங்க இருந்துச்சு. அதையே பட்டையா இழுத்துட்டு வந்துட்டேன்.”

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அப்பா. அதற்குப் பிறகு அந்தச் சின்ன அறையில் யாராலும் அடக்க முடியவில்லை. அந்தக் கோப்பையை மாற்றித் தருகிறேன் என்று அம்மா பதறியதற்கு, “சாமி விழுந்த தேத்தண்ணிம்மா” என்று சொல்லி அப்படியே குடித்துவிட்டார். அப்பா பழையபடி கலகலப்பாகப் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அங்கேயே நாள் குறிக்கும் பேச்சும் ஆரம்பமாகிவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் நெற்றியை நன்றாகப் பார்த்தேன். மூன்று பட்டை, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி, அதில் சந்தனப் பொட்டு.

“எங்க அப்பா மாதிரியே வச்சிருக்கீங்களே! உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று உரக்கக் கேட்டேன்.

மாப்பிள்ளை இருமினார். வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்த அத்தை, அவருக்குக்கூடக் கொடுக்காமல், ஒரு முழு வடையை எடுத்து என் வாயில் திணித்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் எங்கள் வீட்டில் எனக்கு வடை கிடைத்தது அன்றுதான். கல்யாணமாகிப் போகப்போகும் நேரத்திலும் அத்தைக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டே மென்றேன்.