டிக்கிக்கு வைத்த பொட்டு

பேரிக்காய் மரத்துக் கட்டையைத் தீயில் வாட்டினால் முதலில் பாகு கருகுகிற வாசனை வரும், அப்புறம் கண்ணைக் கரிக்கிற புகை வரும். புகை அடங்கி, கட்டையில் இளஞ்சூடு இருக்கும்போதே தேன்மெழுகைப் பூசித் தேய்த்தால், கோயிலும் பேக்கரியும் ஒன்றாய்ச் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வீடு முழுக்க நிற்கும். எனக்குப் பத்து, பதினொன்று வயதிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் இந்த மணம்தான். தோய்த்துக் காயப்போட்ட துணியெல்லாம் புகை நாறுகிறதே என்று அம்மாவுக்கு எரிச்சல். "ஊரு பூரா இன்னைக்குக் கறி வாசம், நம்ம வீட்ல மட்டும் கரி வாசம்" என்பாள், அப்பாவின் காதில் விழுகிற மாதிரி.

அப்பா கொடைக்கானலில் டாக்சி ஓட்டினார். வீடு ஊருக்கு வெளியே, மன்னவனூர் போகிற சாலையில், பூண்டும் கேரட்டும் போடுகிற ஒரு சின்னக் கிராமத்தில். ஒருமுறை, வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை மூட்டை முடிச்சுகளோடு கொடைரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறார். பெட்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்ட மனிதர் ஒரு முழ உயர மரப்பொம்மையை மட்டும் அப்பாவிடம் நீட்டி, "டிக்கி, டிக்கி" என்றாராம். டிக்கியில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்த அப்பா, ஓடிப்போய் அம்பாசடரின் பின்கதவைத் தூக்கிக் காட்டி, "காலி சார், காலி" என்றிருக்கிறார். அவர் மறுபடி பொம்மையைக் காட்டி டிக்கி என்க, இவர் மறுபடி காலி என்க, ரயில் வந்துவிட்டது. பொம்மை அப்பாவின் கையில் தங்கிவிட்டது. அது 'டிக்கி'யாகவே எங்கள் வீட்டுக்கு வந்தது. பசிபிக் கடலில் பாலினேசியத் தீவுகள் என்று இருப்பதும், அங்கே இப்படிப்பட்ட உருவங்களை டிகி என்று சொல்வதும், அவை முன்னோர்களாகவும் தெய்வங்களாகவும் மதிக்கப்படுபவை என்பதும் நான் கல்லூரிக்குப் போனபின் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பாவுக்குக் கடைசி வரை அது டிக்கிதான்.

அந்த முகம் அவரை என்ன செய்ததோ தெரியாது. தலையில் பாதியளவுக்கு ஒரு வாய், வாய் நிறையப் பல், பிதுங்கிய கண், நெற்றியில் மூன்று பள்ளக் கோடுகள். பார்த்த மறுவாரமே உளியும் கொட்டாப்புளியும் வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டார். கார் துடைக்கிற சோலி தவிர வேறெதுவும் தெரியாத மனிதர்! முதல் டிக்கியைத் தைல மரத்தில் செதுக்கினார். வெயிலில் வைத்த நாலாம் நாள் பட்டென்று சத்தம் போட்டு மூக்கோடு இரண்டாய்ப் பிளந்தது. இரண்டாவதற்கு மெருகேற்றுகிறேன் என்று வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் பூசினார். அதன் பக்கம் எங்கள் நாய்கூடப் போகவில்லை. பிறகுதான் ஊர்ப் பேரித்தோட்டத்தில் வெட்டிப்போட்ட பேரிக்கட்டை அமைந்தது. வெட்டுவாயில் மெழுகைத் தடவி நிழலில் ஆறு மாதம் ஆறப்போட்டால் வெடிக்காது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தார். செதுக்கி முடித்ததும் மெக்கானிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய, தீயைப் பீய்ச்சுகிற விளக்கால் மேலெல்லாம் கருக்குவார். கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்ப்பார். மேடு வெளுத்து, பள்ளம் கறுத்து, முகம் திடீரென்று முழித்துக்கொள்ளும். கடைசியாகத் தேன்மெழுகு. அதைத் தேய்க்கப் பழைய காலுறைதான் சரி, வேட்டித் துணி சரிப்படாது என்பார். வாய்களெல்லாம் ஏன் இப்படிப் பிளந்திருக்கின்றன என்று கேட்டால், "ஹேர்பின் வளைவுல வாந்தி எடுக்குறவங்களைக் கண்ணாடியில பாத்துப் பாத்துப் பழகுனது பாப்பா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான்தான் நிறுத்தினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

டவுனில் கான்வென்ட் பள்ளியில் படித்தேன். டிக்கி என்ற சொல்லுக்குக் கார்க்காரர்களிடம் ஒரு பொருள் என்றால் பள்ளிப் பிள்ளைகளிடம் வேறு பொருள். மனிதன் உட்காருகிற பாகம். "உங்கப்பா லீவு நாள்ல என்ன செய்வார்?" என்று என் பக்கத்துப் பெஞ்சுக்காரி செல்வி கேட்க, வெகுளியாக, "டிக்கி செய்வார்" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் 'டிக்கி மக'. நான் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சிரிப்பு, எழுந்தாலும் சிரிப்பு. வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அப்பா மேல் கோபம் மட்டும் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா தன் ஆகப் பெரிய டிக்கியை முடித்தார். என் இடுப்பளவு உயரம். எட்டு மாத வேலை. இன்றைக்கு நினைத்தாலும் சொல்கிறேன், அழகு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பள்ளி சிஸ்டரைச் சவாரி ஏற்றிவந்த சந்தோஷத்தில் வாசலிலிருந்தே கத்தினார்: "பாப்பா, சிஸ்டரே கேட்டுட்டாங்க! திங்கக்கெழம பிரேயர்ல உங்க ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் டிக்கியைக் காட்டணுமாம். நானே வந்து பேசுறேன்." ஐந்நூறு பிள்ளைகள், மைக், என் அப்பா, அந்தச் சொல்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒளித்துவைத்தால் தேடி எடுத்துவிடுவார். உடைக்க மனசு வரவில்லை; அந்த மட்டுக்கும் நல்லவள்தான் போலிருக்கிறது. அப்போதுதான் எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தியது ஞாபகம் வந்தது. பாறையையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்தவர்கள், குங்குமம் வைத்த ஒரு சின்னக் கல்லுக்கு மட்டும் பயந்து தார்ச்சாலையையே வளைத்துக்கொண்டு போனார்கள். ஆக, பொட்டு வைத்துவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அப்பாவும் வைக்க மாட்டார். பதினோரு வயதுப் புத்திக்கு இதைவிடப் பெரிய பூட்டு கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளனே கொடைரோட்டுக்குச் சவாரி போய்விட்டார். அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். டிக்கியை உருளைக்கிழங்குச் சாக்கில் தள்ளி, வாயைக் கட்டி, சரிவில் இழுத்துக்கொண்டே இறங்கினேன். ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில் நிறுத்தி, மஞ்சளைக் குழைத்து முகத்தில் அப்பி, நெற்றியின் மூன்று கோட்டிலும் குங்குமத்தை நிரப்பினேன். என் விரல் நுனி அந்தப் பள்ளத்தில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. அப்பாவின் உளி அகலமும் என் விரல் அகலமும் ஒன்று என்று அப்போதுதான் கவனித்தேன். அம்மா கண்ணில் படாமல் பின்பக்கப் புல்சரிவில் ஏறி வீட்டுக்கு வந்து, சாக்கை வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். காலியான குங்குமச் சிமிழை அம்மா பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "நகத்த நல்லாத் தேச்சுக் கழுவு" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு போயிருந்தால் இது ஒரு குறும்பு. ஆனால் பக்கத்துத் தோட்டத்து ராக்கம்மா அத்தையின் கிடேரிக் கன்று இரண்டு நாளாய்க் காணாமல் போயிருந்தது. காட்டுமாட்டுக் கூட்டத்தோடு போய்விட்டதென்று அத்தை அழுதுகொண்டிருந்தாள். அன்று மதியம் பனி விலகியதும் பார்த்தால், கன்று நாவல் மரத்தடியில் நின்று டிக்கியின் காலை நக்கிக்கொண்டிருக்கிறது. தேன்மெழுகு வாசனைக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு எப்படித் தெரியும்? அவள் போட்ட குலவைச் சத்தத்தில் தோட்டத்தில் நின்ற அத்தனை பேரும் ஓடிவந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் தடத்தையும் பார்த்துவிட்டார்கள். ஈர மண்ணில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மரத்தடி வரைக்கும் எதுவோ ஊர்ந்து வந்த தடம். பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை. இருக்காதே! நான் முன்னால் நடந்தேன், சாக்கு பின்னால் வந்தது. என் காலடியையெல்லாம் சாக்கே அழித்துக்கொண்டு வந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நான் யோசிக்கவில்லை, சத்தியமாய்.

அப்பா மூன்று மணிக்கு வந்தார். டிக்கி நின்ற இடம் காலியாய் இருப்பதைப் பார்த்துவிட்டு, தடத்தைப் பிடித்துக்கொண்டே வெரசா இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார். "அட, நம்ம டிக்கி! யாரு இங்கன கொண்டாந்து வச்சது?" என்று தூக்கக் குனிந்தவரை ராக்கம்மா அத்தை அதட்டினாள்: "கைய எடுங்க டிரைவரண்ணே! பொட்டு வச்சுக் கெடக்குற சாமி அது. தடத்தப் பாத்தீங்கல்ல? யாரும் கொண்டாரல. அதுவா உங்க வீட்ல இருந்து எறங்கி வந்திருக்கு."

அப்பா கையை எடுத்துவிட்டார். திரும்பி, தன் வாசல் வரைக்கும் போகிற அந்தத் தடத்தைப் பார்த்தார். அப்புறம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார், யாரோ ஒருவருடைய கைகளைப் பார்க்கிற மாதிரி. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த நிமிஷம் என் அப்பா, வெயிலில் கட்டை வெடித்ததற்கும் ஆயில் நாறியதற்கும் சிரித்த மனிதர், தான் செதுக்கிய பொம்மையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

திங்கட்கிழமை பிரேயருக்கு அவர் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலம் உளிகளைக் கழுவித் துடைத்து, ஒரு மஞ்சள் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். அடுத்த டிக்கிக்கு ஆறவைத்திருந்த கட்டையில் நெற்றி மட்டும் முடிந்திருந்தது. "இது பாப்பா மூஞ்சி" என்று சொல்லிச் சொல்லிச் செதுக்கிய கட்டை அது. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருநாள் தைரியமாய்க் கேட்டேன். "சாமி செஞ்ச கையி பாப்பா. இனிமே பொம்மை செய்யலாமா?" என்றார், பெருமையாக. அந்தக் கட்டை பல வருஷம் எங்கள் வீட்டில் விறகு பிளக்க அடிமணையாய்க் கிடந்தது. என் நெற்றிமேல் வைத்துத்தான் அம்மா விறகு பிளந்தாள்.

நாவல் மரத்தடியில் முதலில் நாலு தகரம் வந்தது, பிறகு செங்கல், பிறகு 'ஊர்ந்து வந்த முனீஸ்வரர்' என்று ஒரு பெயர்ப்பலகை. வெள்ளிக்கிழமை தோறும் அப்பா போவார். யாராவது பாலாபிஷேகம் என்று சொம்பைத் தூக்கினால் தடுத்துவிடுவார். "பால் அவருக்கு ஆகாதுங்க, மெழுகுதான் சாத்தணும்" என்பார். ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு முன்னால் கருவறையைச் சாத்திக்கொண்டு, பழைய காலுறையால் அவரே தேய்க்கிற சாங்கியம் ஒன்று உண்டு. மெழுகு போட்டு மெருகேற்றப்படுகிற முனீஸ்வரர் இந்தப் பூமியில் வேறு எங்காவது இருக்கிறாரா என்ன? அந்தத் தீவுகளிலும் இது தெய்வம்தானே, ஆக நான் செய்ததில் பெரிய தப்பில்லை என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. தெய்வம் பொய்யா மெய்யா என்பதல்ல என் வழக்கு. ஒரு மனிதரின் ஞாயிற்றுக்கிழமைகளை நான் திருடினேன். அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை கிளம்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது, "எத்தனையோ பேரு கையிருக்க, என் கையத் தேடி வந்தாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். டாக்சி ஓட்டி, முதுகு வலியைத் தவிர ஒன்றும் சம்பாதிக்காத மனிதரின் வாழ்க்கையில் நடந்த ஒரே அதிசயம் அது. அதையும் நான் பிடுங்கவா? கட்டிக்கொண்டு போன கன்னிவாடியில் இருந்துகொண்டு, போனில் மழை பெய்ததா, பூண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

போன மாதம் என் மகனுக்கு முதல் மொட்டை. எங்கள் பக்கம் மொட்டை என்றால் பழனி, அதில் இரண்டு பேச்சே கிடையாது. அப்பா ஒரே பிடியாய் நின்றார். "பழனியில ரெண்டாவது போட்டுக்கலாம் பாப்பா. மொத முடி நம்ம முனீஸ்வரருக்குத்தான்." மலையேறிப் போனோம். பேரித்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது காட்டேஜ்கள். ராக்கம்மா அத்தை இல்லை, அம்மா இல்லை. எங்கள் வீட்டில் எந்தக் கிழமையும் கட்டை கருகுகிற வாசனை இல்லை. தட்டுகிற சத்தமும் இல்லை. அப்பாவின் கைகள் மட்டும், ஒரு வேலையும் இல்லாமல், மடியில் கிடந்தன.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை கத்திக்கொண்டிருந்தான். அப்பா குங்குமத் தட்டை என்னிடம் நீட்டினார். "சாமிக்கு நீ வையி பாப்பா." விரலில் தொட்டுக் குனிந்தேன். அதே மூன்று கோடு. விரல் இப்போது அதில் பொருந்தவில்லை, தடித்துவிட்டது. குங்குமம் இரண்டு பக்கமும் வழிந்தது. "அப்பா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன பாப்பா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா. மெழுகு நல்லா ஏறியிருக்கு."

சட்டென்று அவர் முகம் முழித்துக்கொண்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. "ஏறாம என்ன? பேரிக்கட்டைல்ல! அருமையான கட்டை பாப்பா அது, உளி வச்சா வெண்ணெய் மாதிரி..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். சாமியை நிமிர்ந்து பார்த்தார். பதறிப்போய், "தப்பு, தப்பு" என்று சொல்லிச் சொல்லி, தன் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.

அடி வாங்க வேண்டிய கன்னம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.