எடுக்கக் கூடாத மணி

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது நுஸைபாவின் வேலை. "சர்வருக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுவே எச்சரிக்கை அனுப்புமே, அப்புறம் என்ன?" என்று மேலாளர் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"செத்துப்போன மெஷின் எப்படி சார் சொல்லும்? உயிரோட இருக்கேன்னு தினமும் சொல்லட்டும். சொல்லாத அன்னைக்கு நான் ஓடி வர்றேன்."

அப்படியே ஏற்பாடு செய்தாள். நோயாளிகளின் விவரங்களை நகலெடுத்து, அந்த நகல் இன்னொரு கணினியில் ஒழுங்காகத் திறக்கிறதா என்றும் பார்த்த பிறகு, காலையில் சர்வர் அவள் செல்போனுக்கு ஒரேயொரு முறை மணியடித்து வைத்துவிடும்.

இதை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து கத்தாருக்குப் போன கணவன் சித்தீக், விடியற்காலையில் சுபுஹு தொழுததும் கொடுக்கிற மிஸ்டு காலில் கற்றுக்கொண்டது. எடுக்கக் கூடாது. அடித்தால் நலம் என்று அர்த்தம்.

திடீரென்று அவனுடைய மணி நின்றுபோனது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அவளே கூப்பிட்டாள்.

"ஷிஃப்ட் மாத்திட்டாங்க நுஸைபா, அதான் அடிக்கலை. இதுக்குப் போயி பதறுறியே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நானே சொல்ல மாட்டேனா?"

மேலாளருக்குச் சொன்ன பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சரிங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

மறுநாள் காலையில் செல்போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள்.

சர்வர் நலமாக இருந்தது.