மினுக்கும் கத்தரிக்காய்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்று காலை கரையானுக்கு மருந்து அடித்தார்கள். சமயபுரத்துக்குப் பக்கத்தில் இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் கத்தரிக் கொல்லையிலும் அந்தக் காலத்தில் இதே நெடிதான். முதுகில் மருந்து டின்னும் மூக்கில் துண்டுமாக, கிறீச்சிடும் பம்பை அடித்துக்கொண்டே அப்பா வரிசை வரிசையாக நனைத்துப் போவார். புழு துளைத்த காயை மார்க்கெட்டில் தொடக்கூட மாட்டார்கள் என்பதால், மறுநாளே பறித்து மூட்டை கட்டி அனுப்புவோம். கிணற்றடியில் மருந்து படாத இரண்டு வரிசையில் புழு விட்டுவைத்தது எங்கள் குழம்புக்கு.

திருவெறும்பூரில் வேலை பார்த்த பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் காலிப் பையோடு வந்து, மண்வாசனையைப் புகழ்ந்துவிட்டு, செருப்பில் அந்த மண் ஒட்டினால் முகம் சுளிப்பார். ஒருமுறை நேராகக் காய்கள் மினுக்கும் வரிசைக்குள் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தார்.

"அது வேண்டாம் மாமா, நேத்துதான் மருந்து அடிச்சது" என்றாள் அம்மா.

"நல்லதா நாலு காய் எடுத்தா வலிக்குதாக்கும்? புள்ளைங்களுக்குத்தானே கேக்குறேன்."

"புள்ளைங்க திங்கும்னுதான் சொல்றேன். ஒரு வாரத்துக்கு அதை வாயில வைக்கக் கூடாது." பையைப் பிடுங்கிக் கொட்டி, கிணற்றடிக் காயால் நிரப்பினாள்.

"அப்ப இதெல்லாம் யாருக்கு?"

"மார்க்கெட்டுக்கு."

பெரியப்பா நிம்மதியாகத் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு வந்தவர், நாங்கள் கொடுத்தது பூராவும் சொத்தை, பெரியம்மா குப்பையில் கொட்டிவிட்டாள் என்றார். "மார்க்கெட்ல வாங்கினேன் பாரு, கண்ணாடி மாதிரி காய்!"

அப்பா அடுத்த வரிசைக்கு மருந்து கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.