தபால்காரி யோலானா எடுத்த கல்லறைப் படம்

எங்கள் ஸ்லிவ்னிக்காவில் தபால் நிலையம் என்றால் இரண்டே பேர்தான். கவுண்டரில் நான், சைக்கிளில் யோலானா. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை, ஒரு உறையைக்கூட மழையில் நனையவிட்டதில்லை. அப்படிப்பட்டவள், புகைப்படம் என்று வந்தால் மட்டும் ஊரையே பாலில் கரைத்ததுபோல் மங்கலாக்கிவிடுவாள்.

காமிராக்களை அவளே செய்வாள். ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. உள்ளே வெளிச்சம் புகாமலிருக்க அவள் அப்பாவின் கம்பளித் தொப்பியை வெட்டி ஒட்டியிருந்தாள். லென்ஸ், கிறுக்கல் முகவரிகளைப் படிப்பதற்காக அலுவலகத்தில் வைத்திருந்த பூதக்கண்ணாடி. அது காணாமற்போனதாக மேலிடத்துக்கு எழுதியவன் நான்தான். எங்கே போனது என்று தெரிந்தே எழுதினேன். முன்னால் ஒரு ஜாம் பாட்டில் மூடி. அதைத் திறந்து, ஃபிலிமில் உருவம் விழும்வரை பொறுத்திருந்து, மூட வேண்டும். பொறுத்திருக்கும் நேரத்தை அவள் ஜெபத்தால் அளந்தாள். வெயிலென்றால் ஒரு 'அருள் நிறைந்த மரியே'. மேகமென்றால் ஒரு முழுப் பரலோக மந்திரம். வீட்டுக்குள் என்றால் ஐந்து.

"யோலானா, அது ஆண்டவர் கத்துக்குடுத்த ஜெபம். கடிகார முள்ளு இல்ல," என்று பங்குச் சாமியார் ஒருமுறை கடிந்துகொண்டார்.

"முள்ளு நின்னுபோகும் சாமி. ஜெபம் நிக்குமா?" என்றாள் இவள்.

அவள் படங்களில் கோயில் கோபுரம் மெழுகுவர்த்தியாக வளையும். பாலத்தைக் கடக்கிற பெண்ணுக்குக் கால் இருக்காது. தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் அவற்றை இரண்டு முறை மாட்டினார்கள். ஊரில் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு அவர் வீட்டையே எடுத்துக் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்போ தீப்பிடிச்சுது?" என்றார்.

அப்படியிருக்க, ஒரு மார்ச் மாதம், ரயில்வே கேட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற வெண்டெலின் மாமா தபால் நிலையத்துக்கு வந்தார். வயது எண்பத்தொன்று. வரும்போதே சண்டைக்கு வருகிற முகம். அவர் மனைவி எடெலா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே கல்லறைக் கல். அதில் பீங்கான் படம் பதிக்க இரண்டு வட்டங்கள். ஒன்றில் எடெலா. மற்றது காலி.

"பல்லு விழுந்த இடம் மாதிரி இருக்கு. நான் உயிரோட இருக்கும்போதே படத்தை வச்சிரணும். நீ எடு," என்றார் யோலானாவிடம்.

"டவுன் ஸ்டுடியோவுல எடுக்கலாமே மாமா?"

"எடுத்தேன். கோழி திருடிப் புடிபட்டவன் மாதிரி இருக்கேன்."

"மாமா, என் படத்துல மூஞ்சி தெளிவா விழாதே."

"அதுக்குத்தானே உங்கிட்ட வந்தேன்!"

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. எடெலா சாகுமுன் தன் படத்தைத் தானே தேர்ந்து வைத்திருந்தாள். இருபத்திநாலு வயதில் எடுத்தது. கன்னத்தில் குழியோடு சிரித்துக்கொண்டிருப்பாள். "அவ பக்கத்துல இந்த மூஞ்சியை வச்சா, வர்றவன் போறவன் எல்லாம் என்னை அவ அப்பன்னு நினைப்பான்," என்றார் மாமா.

யோலானாவுக்குச் சுருக்கென்றது. "என் காமிரா சுருக்கம் எடுக்கிற இஸ்திரிப்பெட்டி இல்ல மாமா," என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் அவள் சரி என்றது இரக்கத்தால் இல்லை. படம் எடுக்கத் தொடங்கிய பதினாலு வருஷத்தில் ஊரிலிருந்து அவளிடம் படம் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

முதல் முறை அவர் வீட்டு அடுக்களையில். ஐந்து பரலோக மந்திரம். ஒவ்வொன்றும் முடியும்போது மாமா பக்தியோடு தலையாட்டி "ஆமென்" சொன்னார். படத்தில் அவருக்கு ஐந்து தலை விழுந்தது. இரண்டாம் முறை வாசலில். நடுவில் தும்மினார். தொப்பி மட்டும் அழகாக வந்தது.

மூன்றாம் முறை ஏப்ரலில், அவர் தோட்டத்து ப்ளம் மரத்தடியில். மரம் முழுக்கப் பூ. யோலானா மூடியைத் திறந்து ஜெபம் தொடங்கினாள். காற்று வந்தது. மாமா இம்முறை அசையவில்லை. அந்த மரத்தைத் தெற்கே நடு என்று எடெலா சொன்னதும், தான் பிடிவாதமாக வடக்கே நட்டதும் ஞாபகம் வந்ததாம். "நீ சொன்னதுதான்டி சரி," என்று உதடு அசையாமல் உள்ளுக்குள்ளேயே ஒப்புக்கொண்டாராம். ஐம்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

படம் வந்தது. பூக்கள் வெள்ளைப் புகையாக அவர் தோள்மேல் இறங்கியிருந்தன. முகம் ஆவி படிந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதுபோல. முப்பது என்றாலும் நம்பலாம், தொண்ணூறு என்றாலும் நம்பலாம். சண்டைக்கு வருகிற களை மட்டும் இல்லை. மாமா வெகுநேரம் பார்த்தார். "இவனைத்தான் அவ கட்டிக்கிட்டா," என்றார்.

பீங்கானில் பதிக்கப் படத்தை டவுனுக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் அங்கிருந்து பீங்கான்காரரின் தொலைபேசி. யோலானாதான் எடுத்தாள்.

"அம்மா, நீங்க அனுப்பின படம் தபால்ல நனைஞ்சுபோச்சு. உங்க ஆளுங்க கவனிக்கிறதே இல்லையா?"

அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். "எங்க தபால்ல எதுவும் நனையாது. எடுத்ததே அப்படித்தான்!"

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

"குடிச்சிருந்தீங்களா?"

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்," என்று வைத்துவிட்டாள். பீங்கான்காரர் மிரண்டுபோய் நன்றாகவே செய்து அனுப்பினார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக ஊரே கல்லறைத் தோட்டத்தில். மாமாவின் தங்கை ஹெர்மினா கல்லுக்கு முன்னால் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள்.

"அண்ணே, அண்ணி பக்கத்துல நிக்கிறது யாரு?"

"நான்தான்டி."

"ஆவி மாதிரில்ல இருக்கே!"

"அப்புறம்? கல்லறையில வேற எப்படி இருக்கச் சொல்றே?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரமே மூன்று பேர் தபால் நிலையத்தில் யோலானாவைத் தேடி வந்தார்கள். மூன்றாவது ஆள் ஹெர்மினா. பேச்சை நிறுத்தத் தெரியாத அவளுக்குப் படத்தில் வாய் விழவே இல்லை. அதை வாங்கி வீட்டில் மாட்டியது அவள் கணவர்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மாமாவின் படமும் பிராட்டிஸ்லாவாக் கூடத்துக்குப் போனது. மாமாவும் கோட்டு மாட்டிக்கொண்டு யோலானாவோடு பஸ்ஸில் போய், நாள் முழுக்கத் தன் படத்தின் பக்கத்திலேயே நின்றார். படித்தவர் ஒருவர் வந்து, அந்த வெள்ளை நிறம் மறதியைக் குறிக்கிறதா, மரணத்தையா என்று கேட்டாராம்.

"ப்ளம் பூ. அதுக்குப் பின்னால கோழிக்கூடு," என்றாராம் மாமா.

திரும்பும் வழியில் அவர் யோலானாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஸ்லிவ்னிக்கா நிறுத்தம் வந்தது. எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அங்கே இறங்கி இருவரும் பனியில் நடந்தே வந்தார்கள். ஒரு நிறுத்தத்தில் ஒழுங்காக இறங்கத் தெரியாதவளிடம் அரசாங்கம் எப்படித் தபாலை நம்பிக் கொடுக்கிறது என்று மாமா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாராம். மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது யோலானாவுக்கு ஜலதோஷம். முகத்தில் மட்டும் அப்படியொரு சந்தோஷம்.