பொன்செல்வியின் வரிக்குக் கீழே ஒரு வரி

பொன்செல்வியின் தம்பி காலையில் போன் செய்தார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா." நேரத்தைக் காலண்டரில் குறித்துவைத்தேன். எதற்கென்று தெரியவில்லை, பதிவேடு எழுதியே பழகிய கை.

பொன்செல்வியை அறிந்த உங்களில் பலர் இந்த அஞ்சலியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். ஆனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைக் கவனித்துவந்தேன். அதற்கான மென்பொருளில், திரையில் தெரியாத பகுதி முழுவதும் பொன்செல்வி எழுதியது. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பார். "குத்தாலத்துல எல்லாரும் அருவியத்தான் பாக்காவ. மேல மலைல தண்ணி எங்கன சேருதுன்னு யாரு கேக்கா? அங்கனதான் எனக்கு வேல."

ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் எனக்குப் பொறுக்காது. சாரல் விழுந்த ஒரு காலையில், குத்துக்கல்வலசை ஊர் இசக்கியம்மாள் என்று இரண்டு பதிவுகளைக் கண்டேன். கணவர் பெயரும் ஒன்றே. வயது மட்டும் எட்டு ஆண்டு வேறுபட்டது. நம் பக்கத்தில் வயதை யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று எண்ணி, இரண்டையும் ஒன்றாக்கினேன். அங்கிருந்த கட்டத்தில் காரணம் எழுதாமல் அந்தத் திரை நகராது. 'ஒரே ஆள்' என்று எழுதினேன்.

அவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குப் பென்சிலின் சேராது. நான் ஒன்றாக்கியதில் அந்தக் குறிப்பு திரையிலிருந்து மறைந்துவிட்டது. நர்ஸ் ஊசியோடு வந்தபோது அந்த அம்மாளே தடுத்தார்: "ஏட்டி, எனக்கு இது சேராதுன்னு போன தடவயே எழுதுனாவளே, பாக்கலியா?"

உடனே பொன்செல்விக்குப் போன் செய்தேன். "எல்லாம் அழிஞ்சிட்டும்மா."

"நான் எழுதுனதுல அழிக்கதுக்கு வழியே கெடையாது அண்ணாச்சி. பழசு அடியில பத்திரமா இருக்கும். பதறாதீய, இந்தா வாரேன்."

குற்றாலத்திலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தார். பத்து நிமிடத்தில் இருவரையும் பிரித்துவிட்டார். ஒன்றாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் பதிவாகியிருந்ததையும் பார்த்தார்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர், "யார் செஞ்சது?" என்றார். நான் எழுந்திருக்க முயன்றேன். அதற்குள் பொன்செல்வி பேசிவிட்டார். "வயசு வேறன்னா என் புரோகிராம் சேக்க விட்டிருக்கக் கூடாது சார். தப்பு என்னோடது." அறிக்கையிலும் அப்படியே எழுதினார். நான் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. எழ முயன்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனார். ஊருக்கு வரும்போது என்னைப் பார்க்காமல் போகமாட்டார். "அப்ப ஊசி, இப்ப கடன். ரெண்டுலயும் ஒரு ஆள இன்னொரு ஆள்னு நெனச்சிரக் கூடாது" என்பார். வயது ஒத்துப்போகாவிட்டால் இரண்டாவது ஆள் பார்த்துச் சரி சொல்லும்வரை அவருடைய நிரல் நகராதாம். "நான் ஒருக்கா பேரச் சொல்லப்போயி, அந்தச் சரிபார்ப்புக்கு இசக்கியம்மா செக்குன்னே பேரு வச்சிட்டானுவ அண்ணாச்சி. அவிய யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது!" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தப்பு என்னுடையது என்று அன்றாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

அவரிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டிருப்பது, எதைச் செய்தாலும் காரணம் எழுதச் சொல்லும் அந்தக் கட்டம் ஒன்றுதான். அவர் வழக்கப்படி, அறிக்கையில் அவர் எழுதிய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே ஒன்று சேர்க்கிறேன்.

பதிவுகளை ஒன்றாக்கியவன் நான். இதுவரை சொல்லாததற்குக் காரணம்: பயம்.