முக்கோணம் கெடாத கை

எலும்பு கட்டும் கிரெசென்சியாவிடம் அன்று காலையிலிருந்து ஆறு பேர் வந்து போயிருந்தார்கள். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான். பிடித்துக்கொண்ட இடுப்பு, பிசகிய கணுக்கால். ஐம்பத்தெட்டு வயதில் அவளுடைய கட்டைவிரல்களுக்கே யாராவது நீவிவிட வேண்டியிருந்தது. ஏழாவதாக நபோர் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

கரும்பு லாரியிலிருந்து விழுந்திருந்தான். வலது முழங்கை வீங்கிப் பளபளத்தது. மனைவி ஒதீலியா அந்தக் கையைச் சால்வையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“மூட்டு நழுவிடுச்சும்மா” என்றான் நபோர். “ ஒரு இழுப்பு இழுத்துவிடுங்க.”

“நீயே சொல்லிட்டா நான் எதுக்கு? உட்காரு.”

மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வீக்கம் விலகும்வரை மெதுவாக அழுத்தினாள். உள்பக்க முண்டில் கட்டைவிரல். வெளிப்பக்க முண்டில் நடுவிரல். பின்னால், முழங்கை நுனியில் ஆள்காட்டி விரல். மடங்கிய கையில் இந்த மூன்று முனைகளும் ஒரு முக்கோணம். மூட்டு நழுவியிருந்தால் நுனி பின்னுக்குப் போய் முக்கோணம் கெட்டிருக்கும். கெடவில்லை. இரண்டு விரற்கடை மேலே போனாள். எலும்பு நறநறத்தது. நபோர் பல்லைக் கடித்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இடது கையைக் கேட்டாள்.

அது கோணல் கை. பதினான்கு வருடத்துக்கு முன்பு கோவேறு கழுதை தள்ளிவிட்டபோது, மூட்டு நழுவியதென்று அவளே இழுத்துக் கட்டியது. கோணிக்கொண்டு கூடியதும், கட்டுப் பிரிப்பதற்குள் ஜில்லென்று ஏதோ குடித்திருக்கிறான், குளிர் இறங்கிவிட்டது என்றாள். ஊரே ஒத்துக்கொண்டது. அவளும் நம்பினாள்.

இப்போது அந்தக் கையிலும் மூன்று முனைகள் சரியாக இருந்தன. கோணல் அவற்றுக்கு மேலே இருந்தது.

“இந்தத் தடவை ஜில்லுனு எதையும் தொடமாட்டேன். அன்னைக்கு ஒரே ஒரு பீரு” என்றான் நபோர். “நீங்க இழுக்கலேன்னா ஆலைப் பக்கம் பெர்ஃபெக்தோ இருக்கான். போதையில இருந்தாலும் இழுப்பான்.”

நபோர் அவனிடம் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

“பீருனால இல்ல நபோர். அன்னைக்கு எலும்பு ஒடிஞ்சிருக்கு. நழுவுனதா நினைச்சு நான் இழுத்துட்டேன். இதுவும் அதே இடம். இப்ப இழுத்தா ரத்தக்குழாய் அறுந்துடும். கோர்தோபா ஆஸ்பத்திரிக்குப் போ.”

ஒதீலியா அவளையே பார்த்தாள். “அந்த ஒரு பீருக்காகப் பதினாலு வருஷமா இந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்கேன்.”

நபோர் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சாராயக்கடையில இந்தக் கோணல் கையைப் பார்த்து, சில்லறை கேக்குறியாடான்னு சிரிப்பானுங்க” என்றான். பிறகு, “ஆஸ்பத்திரியில எனக்கு யாரைத் தெரியும். நீங்களும் வாங்க.”

காலையில் சுட்ட சோள ரொட்டி தொடாமல் கிடந்தது. அவள் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கையை இருந்த வாக்கிலேயே வைத்துக் கட்டினாள். கோர்தோபா போகும் ஒரு லாரியின் பின்புறத்தில் அவர்களோடு ஏறி, அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தபடியே உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவளுடைய இடுப்பு விண்ணென்றது.

பாலம் தாண்டியதும் ஒதீலியா, “இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க, வெயில் படுது” என்றாள். கிரெசென்சியா விரலை எடுக்காமல் நகர்ந்தாள்.